உள்ளே விடும், வெளியே விடாது

பொன்னாயி அத்தையின் வீட்டுக்குக் கதவு கிடையாது. முன்பு இருந்தது, கரையான் தின்றுவிட்டது. புதுக்கதவு போட வேண்டும் என்று அத்தைக்குத் தோன்றவே இல்லை. மலைமேல் எடப்புளி நாடு என்னும் பகுதியில் இருக்கும் எங்கள் ஊரில் யாரும் யார் வீட்டு வாசலிலும் நின்று கூப்பிடுவதில்லை. ஆள் இல்லாவிட்டாலும் உள்ளே போகலாம், பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கலாம், அடுப்பில் கங்கு இருந்தால் எடுத்துக்கொண்டு வரலாம். பிறகு எங்கேயாவது பார்க்கும்போது, "உன்ற ஊட்டுல தண்ணி குடிச்சேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மரியாதை முடிந்தது.

எங்கள் வீட்டுக்கு மேல் மேட்டில் அத்தையின் வீடு. மாமன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அத்தை தனி ஆள். பிள்ளை குட்டி இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியும் ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தன் மிளகைத் தானே பறிப்பாள். பாம்பைக் கண்டால், "போ சாமி, எனக்கு வேலை கெடக்குது" என்பாள். அவள் பயந்த ஒரே பொருள் செல்போன். எதிரில் ஆள் இல்லாமல் குரல் மட்டும் வருவது பேய் வேலை என்று அவள் முடிவு.

பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டதற்கு எங்கள் அம்மா ஊரெல்லாம் விதவிதமாகக் காரணம் சொல்லிவந்தபோது, "புள்ளைக்குப் படிப்பு ஏறல" என்று உள்ளதைச் சொன்னது அத்தை மட்டும்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அத்தைக்கு ஒரு தம்பி. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் கருப்பண்ணன் மாமா. மிளகுக் கருப்பண்ணன் என்றால் சுற்று வட்டாரத்தில் தெரியும். அவர் கை பட்டால் காய்ந்த குச்சியும் கொடி விடும் என்பார்கள். ஊரில் இன்று நிற்கிற மிளகுக் கொடியெல்லாம் அவர் வெட்டிக் கொடுத்த தண்டிலிருந்து வந்தவைதான்.

போன வருசம் அத்தை காட்டில் மிளகு களவு போக ஆரம்பித்தது. சோளக்காடு என்கிற ஊர்ச் சந்தைக்கு எல்லாரும் கிளம்பிப் போகிற நாளாகப் பார்த்து யாரோ பறித்துக்கொண்டு போனார்கள். இந்த வருசமும் அப்படியே தொடங்கியது. ஒரு கணு கூட முறியாத சுத்தமான பறிப்பு. அத்தையைவிட மாமாவுக்குத்தான் கோபம். பக்கத்துப் பைல் நாட்டிலிருந்து கூலிக்கு வந்த பையன்களை நிறுத்தி வைத்துப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார். பாவம், பையிலிருந்து விழுந்தது ஒரு சீப்பும் ஒரு பிஸ்கட் பொட்டலமும்.

அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வரும் ஹபீப் ரஹ்மான் பாய் இதைக் கேட்டார். அவருக்கு வேறு ஒரு தலைவலி இருந்தது. அவர் மகன் நவ்ஷாத் பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒரு நாய் வளர்த்தான். துபாய்க்குப் போகும்போது அதை அப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அது எச்சில் ஒழுக்கும் சாதி. தொழுகிற வீட்டில் அந்த எச்சில் படாத துணி ஒன்று கூட மிஞ்சவில்லை என்று பாயின் சம்சாரம் சலீமா பீவி அழாத குறை.

"ஊட்டுக்குள்ள நாய வெச்சுக்கறது எங்களுக்கு ஆகாதுங்க பொன்னாயம்மா. காடு காவலுக்கு வெச்சுக்கலாம், தடையில்ல. எனக்குக் காடு இல்ல. உங்களுக்கு இருக்குது."

அத்தை சரி என்றாள். நாய் என்றால் நாய்தானே என்று நினைத்திருப்பாள்.

அடுத்த வாரம் பாயின் பிக்கப் வண்டி வந்தது. வளைவுக்கு வளைவு நாய் வாந்தி எடுத்ததில் வண்டியே நாறியது. பின்கதவைத் திறந்ததும் அது இறங்கியது. கேழ்வரகு மாவு நிறம். மூஞ்சி மட்டும் கரிச்சட்டி. தலை எங்கள் வீட்டு உரல் அளவு. கன்னம் இரண்டு பக்கமும் தொங்கியது, அதிலிருந்து எச்சில் கயிறு கயிறாக இறங்கியது. கூடி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அத்தை அதைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்து கேட்டாள்.

"இது எத்தன பல்லுங்க பாய்?"

மாடு வாங்கும்போது கேட்கிற கேள்வி. பாய் சிரிக்காமல், புல்மாஸ்டிஃப் என்று சாதியைச் சொன்னார், புருனோ என்று பேரையும் சொன்னார். இரண்டுமே அத்தை வாயில் நுழையவில்லை. உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு கேட்டது, கேட்டது வந்ததும் தூங்கியது. அதனால் அத்தை அதற்குத் துரை என்று பேர் வைத்தாள்.

துரையோடு வாழ்வது என்பது தினம் ஒரு அதிர்ச்சி. சாமைச் சோற்றைக் கோழித்தலை, கோழிக்காலோடு வேகவைத்து அண்டாவில் வைத்தால் அண்டா நகர்ந்து நகர்ந்து வாசலைத் தாண்டிப் போய்விடும், அவ்வளவு நக்கு. தலையை ஒரு உதறு உதறினால் எச்சில் சுவரில் போய் ஒட்டும், காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். குறட்டை, பாரம் ஏற்றிய லாரி மலை ஏறுகிற சத்தம். காவல் நாய் என்று பேர், குலைக்கவே குலைக்காது. ஊர் நாய்களெல்லாம் கூடி வந்து சுற்றி நின்று வெறி பிடித்த மாதிரி குலைத்தன. துரை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அத்தை வீட்டுச் சேவல் அதன் அண்டாவிலேயே ஏறி நின்று தின்னும், துரை எழுந்து இடம் விடும்.

வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு ஓட்டிப் பார்க்க வருகிற டவுன்காரர்கள் வழி தவறி எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால், அது கரடிக்கும் கன்றுக்கும் பிறந்தது என்று நான் சொல்வேன். நம்பாமல் போனவர் ஒருத்தர் கூட இல்லை. ஒரு அம்மா செல்பி எடுத்துக்கொண்டு, பால் கறக்குமா என்று கேட்டார். காலையில் மட்டும் என்றேன்.

அதன் உண்மையான குணம் கரண்டுக் கணக்கெடுக்க வந்தவர் மூலம்தான் தெரிந்தது. அத்தை காட்டில் இருந்தாள். அவர் வந்தார், துரை வாலை ஆட்டியது. தலையைத் தடவினார், கையை நக்கியது. மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு திரும்பினார். துரை எழுந்தது. மெதுவாக வந்து அவர் இடுப்பில் சாய்ந்தது. அவர் விழுந்தார். துரை அவர் மேல் படுத்துக்கொண்டது. கடி இல்லை, உறுமல் இல்லை, வெறும் பாரம். அவர் போட்ட கூச்சலில் நான் ஓடிப்போய் அத்தையைக் கூட்டிவந்தேன். அத்தை அதட்டினாள், இழுத்தாள், துடைப்பத்தால் போட்டாள். மலையை யாராவது துடைப்பத்தால் நகர்த்தியிருக்கிறார்களா?

பாயிடம் நம்பர் வாங்கி நவ்ஷாத்துக்கு நான்தான் போன் போட்டேன். அத்தை போனைத் தொடாமல் தள்ளி நின்று காதை மட்டும் நீட்டினாள். அவன் அங்கே சிரிக்கிறான்.

"அந்தச் சாதியே அப்படித்தாங்க. உள்ள வர விடும், வெளிய போக விடாது. போதும்னு சொல்லுங்க, எந்திரிச்சிரும். ஆனா தினம் சோறு போடறவங்க சொல்லோணும். மத்தவங்க சொன்னாக் கேக்காது."

அத்தை சொன்னாள். எழுந்தது. கணக்கெடுக்கிறவர் அதற்குப் பிறகு அத்தை வீட்டு மீட்டரைப் பாதையிலிருந்தே உத்தேசமாக எழுதிக்கொண்டு போகிறார்.

ஊரில் இதனால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நாய்க்குப் பயந்து, பொன்னாயி வீட்டுக்கு மட்டும் பாதையில் நின்று கூப்பிட்டுவிட்டு நுழைய வேண்டியதாகிவிட்டது. கூப்பிட்டு நுழைகிற வீடு எங்கள் ஊருக்குப் புதுசு. தண்ணீர் குடிக்கக் கேட்டு நிற்க வேண்டுமா என்று சில பேருக்கு ஆறவில்லை. கருப்பண்ணன் மாமா மட்டும் நாய்க்கு ஈரல் வாங்கி வந்து ஊட்டிவிடுவார். துரையும் அவரைக் கண்டால் குட்டி போல மல்லாந்து படுக்கும். நாய் வந்த பிறகு களவும் நின்றது.

மாசி மாதத்தில் ஒரு சந்தை நாள். நானும் அத்தையும் சோளக்காட்டுக்குப் போயிருந்தோம். கருவாடும் உப்பும் வாங்கி முடித்த நேரத்தில் தெரிந்த ஜீப் ஒன்று காலியாகத் திரும்ப, மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட்டோம். மேடேறும்போதே காட்டுப் பக்கமிருந்து குரல் கேட்டது. தொண்டை கட்டிப்போன குரல்.

"போதும்... போதும்டா சாமி... போதும்..."

ஏணி சில்வர் ஓக்கில் சாய்ந்திருந்தது. அதன் அடியில் மல்லாந்த ஆளின் நெஞ்சின் மேல் துரை படுத்திருந்தது. முகவாயை அவர் கழுத்தில் வைத்து, பாசமாக. சட்டை முழுக்க எச்சில். பக்கத்தில் ஒரு சாக்குப்பையில் பாதிக்கு மேல் பச்சை மிளகுச் சரம்.

கருப்பண்ணன் மாமா.

எனக்குக் கருவாட்டுப் பை கையிலிருந்து நழுவியது. மாமா எங்களைப் பார்த்தார், பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை ஏணியைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். கடைசியாகத்தான் தம்பியைப் பார்த்தாள்.

"போதும்" என்றாள்.

துரை எழுந்து வாலாட்டியது. மாமா எழவில்லை.

"கணு முறியாமப் பறிச்சிருக்கும்போதே எனக்குப் புரிஞ்சிருக்கோணும்டா" என்றாள் அத்தை. குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "கேட்டாக் குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்பே. அதாங் கேக்கல."

பிறகு, நெஞ்சில் இன்னும் அந்தப் பாரம் இருப்பது போல மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அவர் கொடிகள் எல்லாம் செத்துவிட்டன. வாடல் நோய். முந்தின வருச மழைக்குப் பிறகு இலை கறுத்து, வேர் அழுகி, காடு முழுக்க வெறும் மரம்தான் நிற்கிறது. பன்றிக்கு வேலி என்று போன வருசம் அவர் காட்டைச் சுற்றித் தகரம் அடித்தது பன்றிக்கு இல்லை, ஊர்க் கண்ணுக்கு. ஊருக்கே கொடி கொடுத்தவன் சந்தைக்கு வெறும் கையோடு எப்படிப் போவது?

கீழே ஜீப் சத்தம் கேட்டது. ஊர் திரும்பிவிட்டது.

எங்கள் ஊரில் விளைச்சலில் கை வைத்தவனைத் தள்ளி வைப்பார்கள். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் போகமாட்டார்கள். மாமா மகள் அருள்மொழிக்குப் பங்குனியில் கல்யாணம் பேசியிருந்தது. இது தெரிந்தால் அந்தக் கல்யாணம் இல்லை. அத்தை மனசில் அது ஒரு நொடியில் ஓடியிருக்க வேண்டும். ஏணியை இழுத்துக் கீழே போட்டாள், என்னைப் பார்த்தாள்.

"கண்ணு, அந்தச் சாக்கு மேல உக்காரு."

உட்கார்ந்தேன். பச்சை மிளகு அடியில் நறநறத்தது. ஊருக்குத் தீர்ப்பு சொல்லும் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி முன்னால் வர, பின்னால் சந்தைக் கூட்டம் அந்த வழியே வந்து சேர்ந்தது. சேறும் எச்சிலுமாகக் கிடந்த மாமாவைப் பார்த்ததும் ஆளைக் கிழித்துப்போட்டுவிட்டது என்றே நினைத்தார்கள். பறித்த கொடியை மறைக்க வழியில்லை. அத்தை முன்னால் வந்து நின்றாள். அவளே தம்பியைப் பறித்து வைக்கச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனதாகவும், அது தெரியாமல் நாய் அமுக்கிவிட்டதாகவும் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத பொன்னாயி அத்தை, மூச்சு விடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஊர் நம்பிவிட்டது. அவள் பொய் சொல்லுவாள் என்று யார் கண்டார்கள்?

தம்பி தப்பித்தான். ஆனால் நாய் மாட்டிக்கொண்டது. அதை அத்தை யோசிக்கவில்லை.

மறுநாள் காலை கோயில் முன்னால் கூட்டம். அர்த்தனாரி சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை. வேலை செய்ய வந்த சொந்தத் தம்பியையே அமுக்குகிற நாய், நாளைக்கு ஒரு குழந்தை மேல் படுத்தால் என்ன ஆகும் என்றார். ஏற்கெனவே கூப்பிட்டு நுழைகிற கடுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நாய் மலையைவிட்டு இறங்க வேண்டும் என்று முடிவாயிற்று. கூட்டத்தின் கடைசியில் மாமா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை, "சரிங்க" என்று எழுந்து வந்தாள். வீட்டுக்கு வந்து வழக்கம் போல சாமைச் சோறு வேகவைத்தாள், வழக்கத்தைவிட அதிகமாகக் கோழிக்கால் போட்டாள். நான் துரையின் சங்கிலியை எடுத்து விறகுக் குவியலுக்குள் ஒளித்துவைத்தேன். கண்டுபிடித்துவிட்டார்கள்.

பாய் வண்டியோடு வந்தார். ஊர் பாதையில் நின்றது, பாய் மட்டும் வாசலுக்குள் வந்தார். துரைக்கு அவரைக் கண்ட சந்தோசத்தில் பின்பாதி முழுவதும் ஆடியது. அவர் மாமாவைக் கூப்பிட்டு, பல் எங்கேயாவது பட்டதா என்று விசாரித்தார். இல்லை என்று மாமா தலையசைத்தார்.

"உள்ள வேலை செய்யறவர அது அமுக்காதுங்களே, வெளிய கிளம்பினாத்தான்" என்று பாய் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். இருவருக்கும் பல வருச வியாபாரம்.

சங்கிலியை மாட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான். துரை அவர் இடுப்பில் சாய்ந்தது. வெள்ளைச் சட்டையோடு பாய் வாசலில் மல்லாந்தார், துரை மேலே படுத்தது. பாதையில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள்.

"சொல்லுங்க பொன்னாயம்மா" என்றார் பாய் கீழேயிருந்து.

அத்தை வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் நாய் எழும், எழுந்தால் வண்டி ஏறும். மறுபடி திறந்தாள். உதடு மட்டும் அசைந்தது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பொன்னாயி அத்தை புருசன் செத்தபோது கூட ஊர் முன்னால் அழாதவள். இப்போது மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டுகிறது, துடைக்கக் கூட இல்லை.

"ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார் பாய், மூச்சுத் திணற.

அப்போது மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நாய் மேல தப்பில்லீங்க கவுண்டரே. அது சரியாத்தான் புடிச்சுது. போன வருசமும் இந்த வருசமும் அக்கா காட்டுல களவாண்டது நாந்தானுங்க."

அர்த்தனாரி வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார். முதலில் பேசியது அத்தை. திடீரென்று குரல் வந்துவிட்டது அவளுக்கு.

"அவன் பொய் சொல்றானுங்க. நான் குடுத்தது."

"நீ குடுக்கல."

"குடுத்தேன்டா."

"எப்பக் குடுத்தே?"

"இப்பக் குடுத்தேன். போ."

திருடியவன் இல்லை என்பான், பறிகொடுத்தவன் ஆமாம் என்பான், அதுதான் அர்த்தனாரிக்குத் தெரிந்த வழக்கு. இது தலைகீழாக நிற்கிறது. அவர் அத்தையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் நாயைப் பார்த்தார்.

"ஏனுங்க," என்றது நாய்க்கு அடியிலிருந்து ஒரு குரல், "தீர்ப்புக்கு முன்னாடி என்னய எந்திரிக்க வெச்சா நல்லாருக்கும்."

"போதும்" என்றாள் அத்தை. இந்த முறை சுலபமாக வந்தது. பாய் எழுந்து, எச்சில் பட்ட இடத்தையெல்லாம் மண் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அத்தை குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள்.

உடையவளே கொடுத்தேன் என்றால் அது களவில் சேராது என்று அர்த்தனாரி மெதுவாக ஆரம்பித்தார். ஆனாலும் உனக்கு என்னப்பா குறை, ஊருக்கே கொடி கொடுத்தவன் நீ என்று மாமாவைக் கேட்டார். மாமா வாடல் நோயைச் சொன்னார்.

அங்கேதான் உண்மையான இடி விழுந்தது. களவென்று கேட்டு வாய் பிளந்தவர்கள், வாடல் என்று கேட்டதும் முகம் செத்துப்போனார்கள். ஒரு காட்டு மண் காலில் ஒட்டினால் போதும், அடுத்த காட்டுக்குப் போய்விடும் அது. ஒருத்தர் பின் ஒருத்தராக, தீர்ப்பைக் கூடக் கேட்காமல், தங்கள் தங்கள் காட்டுக்கு ஓடினார்கள். எங்கள் அப்பா செருப்பைப் பாதையிலேயே விட்டுவிட்டு ஓடினார். கூட்டம் தானாகவே கலைந்தது. நாயின் விசயம் யாருக்கும் நினைவில்லை. பாய் காலி வண்டியோடு இறங்கிப் போனார்.

அதன் பிறகு ஊரே சேர்ந்து மாமாவின் தகர வேலியைப் பிரித்தது. செத்த கொடியையெல்லாம் வேரோடு தோண்டி அங்கேயே கொளுத்தினோம். இரண்டு காடுகளில் இலை கறுக்கத் தொடங்கியிருந்தது, அதையும் சேர்த்து. மாமாவைத் திட்டாதவர் இல்லை. ஆனால் தள்ளி வைப்பதாக இருந்தால் அவரோடு சேர்ந்து வேர் தோண்ட முடியாதே, அதனால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எல்லாம் தெரிந்தும் அருள்மொழியைக் கட்டிக்கொள்ள வந்த வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். கல்யாணத்தன்று நாயைக் கட்டிப்போடுவீர்களா என்று.

அத்தை மட்டும் தம்பியோடு பேசுவதில்லை. மிளகுக்காக இல்லை. "கோயில்ல நாய அனுப்பச் சொன்னப்ப முழங்காலக் கட்டிக்கிட்டுக் குந்தியிருந்தான் பாரு" என்று என்னிடம் ஒரு முறை சொன்னாள், அதோடு சரி. மாமா இப்போது அத்தை காட்டில்தான் வேலை. கொடி கட்டுவதும் எரு போடுவதும் எல்லாம் அவர்தான். உச்சி வெயிலுக்கு வாசலில் வந்து உட்காருவார். துரை பக்கத்தில் வந்து தலையை அவர் மடியில் போட்டு வேட்டியை நனைக்கும். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பார்கள்.

நேற்று நான் போனபோதும் அப்படித்தான். அத்தை உள்ளேயிருந்து இரண்டு வட்டிலோடு வந்தாள். ஒன்றை மாமாவுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். முகத்தை மட்டும் நாயின் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"துரை, அவனக் கையக் கழுவச் சொல்லு. சோறு ஆறுது."